வெட்டச் சொன்னவள் மாரியாத்தா

அம்மனை நம்பும் சொந்தங்களே, இதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்களுக்கு எலுமிச்சைத் தோட்டம். என் கணவர் நட்டது. அவர் போன பிறகு எனக்கும் மகளுக்கும் அதுதான் பிழைப்பு. போன வருடம் ஐப்பசி அடைமழை விட்டதும் போய்ப் பார்க்கிறேன், இலை, குச்சி, காய் எல்லாம் பழுப்புப் புள்ளி. தொட்டால் சொரசொரவென்று இருந்தது. காய்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. திண்டுக்கல் மண்டியில் ஒருவரும் கையில்கூட எடுக்கவில்லை.

மாமியார் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மரத்துக்கு அம்மை போட்டிருக்குடி. ஆத்தா வந்திருக்கா. கத்தி படக்கூடாது, மருந்து படக்கூடாது."

அம்மை கண்ட பிள்ளைக்குச் செய்வதுபோல மரத்துக்கு மரம் வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நோய் அடுத்த வரிசைக்குப் போனது. பழி என்மேல் விழுந்தது. "புருசனை முழுங்குனவ கை பட்டா மரம் வெளங்குமா?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுத் தோட்டத்துக் கேட்டைப் பூட்டினார்.

வேலிக்கு வெளியே நீட்டிய ஒரு குச்சியை ஒடித்துத் தோட்டக்கலை ஆபீசில் காட்டினேன். "இது அம்மை இல்லம்மா, சொறி நோய். மழைச் சாரல்ல பரவும். பட்ட கிளையை வெட்டி எரிச்சுட்டு காப்பர் மருந்து அடிங்க. இன்னும் விட்டா ஒண்ணும் மிஞ்சாது" என்றார் அதிகாரி.

வீட்டில் சொன்னேன். "ஆத்தா மேலயே கத்தி வைப்பியா? உன் மகளுக்கும் போடும் பாரு" என்றார் மாமியார். சொந்தப் பேத்தியை! அன்றைக்குத்தான் நான் உடைந்துபோனேன்.

கோயிலில் போய் விழுந்தேன். "தாயே, வந்திருக்கது நீயின்னா சொல்லு, நான் கும்புட்டுட்டுப் போறேன். நோயின்னா என்னை வெட்ட விடு" என்று கதறினேன். எங்கள் ஊரில் அம்மனிடம் பூக்கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அவள் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். மாமியாரைக் கூட்டிப் போனேன். 'வெட்டலாமா' என்று கேட்டுப் பூசாரி பொட்டலங்களை வைத்தார். "நீங்களே எடுங்க அத்தை" என்றேன்.

எடுத்தார். பிரித்தார். வெள்ளை அரளி.

பொட்டலத்தை என் முகத்தில் விட்டெறிந்தார். பின்னாலேயே சாவியையும் எறிந்தார்.

மறுநாளே வெட்டினேன். நோய் முற்றிப்போன மரங்களை வேரோடு தோண்டினேன். என் கணவர் பிள்ளைபோல வளர்த்த மரங்கள். எரியும் புகையில் நின்று அலறினேன். மாமியார் வரப்பில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். துளிர் விட்டபோதெல்லாம் மருந்து அடித்தேன். இந்த ஐப்பசி மழையும் கொட்டித் தீர்த்தது. மிஞ்சிய மரங்களில் காய் பளபளவென்று நிற்கிறது.

"ஆத்தா தானா எறங்கிட்டா. நீ என்னத்தைக் கிழிச்ச?" என்கிறார் மாமியார். இன்றைக்கும் என் கையால் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. போகட்டும், அம்மனுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் மாரியாத்தா என்றாலே பயந்து ஒதுங்குவேன். இப்போது பெற்றவளிடம் கேட்பதுபோல எதையும் உரிமையோடு கேட்கிறேன். சொந்தங்களே, அவள் பேரைச் சொல்லி உங்களைக் கட்டிப்போட ஆள் இருப்பார்கள். அவர்களிடம் கேட்காதீர்கள். அவளிடமே போய்க் கேளுங்கள். வெட்டு என்று அவள் சொன்னால், அழுதுகொண்டாவது வெட்டிவிடுங்கள்.