அம்மாவுக்கு ஒரு டம்ளர் அமீபா

அமீபாவை மருந்து என்று நம்பி, காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தவன் நான். சிரிக்காதீர்கள். நாலாம் வகுப்பு மூளைக்கு அது சரியாகத்தான் பட்டது.

அம்மாவுக்கு டைபாய்டு. உடம்புக்குள் பாக்டீரியா புகுந்துவிட்டதாக டாக்டர் சொன்னதைக் கேட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, காலேஜில் விலங்கியல் படித்த அக்கா, ஒத்தக்கடைக் கண்மாய்த் தண்ணீரில் வைக்கோலை ஊறப்போட்டு, கண்ணாடி பாட்டிலில் அமீபா வளர்த்துக்கொண்டிருந்தாள். அது என்ன தின்னும் என்று கேட்டேன்.

"பாக்டீரியாவைத்தாண்டா. அப்படியே கட்டிப்பிடிச்சு உள்ள இழுத்து, பைக்குள்ள அடைச்சு, அமிலத்தை ஊத்திக் கரைச்சிரும்."

இதற்குமேல் என்ன வைத்தியம் வேண்டும்? மறுநாள் அக்கா பஸ் ஏறியதும் பாதி பாட்டிலை டம்ளரில் சரித்தேன். வாடை தெரியாமலிருக்கச் சீரகத்தூளைத் தூவி, மருந்து என்று அம்மாவிடம் நீட்டினேன்.

"வச்சிட்டுப் போ சாமி, குடிக்கிறேன்."

திரும்பி வந்தபோது டம்ளர் காலி. "குடிச்சிட்டேன்யா. இப்பவே தெம்பா இருக்கு" என்றாள்.

சாயங்காலம் பெருமையை அடக்கிக்கொண்டு அக்காவிடம் கேட்டேன், அமீபா எல்லா பாக்டீரியாவையும் கொன்றுவிடுமா என்று.

"அதெப்படி? சிலது உள்ள போனதுமே கரைஞ்சிரும். தடிச்ச தோலு உள்ளது செரிக்க நேரமாகும். சிலது சாகவே சாகாது, அமீபாவுக்குள்ளயே குடித்தனம் பண்ணும்."

"டைபாய்டு?"

"அது எமகாதகப் பய, தப்பிச்சிரும். ஏன், அமீபாவுலயே ஒரு சாதி மனுசனுக்குச் சீதபேதி குடுக்கும், தெரியும்ல?"

பெற்றவளை நானே கொன்றுவிட்டேன். அவள் போனபின் நான் இருந்து யாருக்கு என்ன லாபம்? மீதிப் பாட்டிலை, மூக்கைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் துரும்போடு குடித்தேன். கட்டிலுக்கு ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

"ஒத்தையில போகாதம்மா, நானும் வாரேன்!"

"எங்கய்யா போறோம்?" என்றாள் அம்மா.

விடிந்ததும் எனக்கு வயிறு பிய்த்துக்கொண்டு போயிற்று. நிற்கவே தெம்பில்லாதவள் சுவரைப் பிடித்து வந்து, கக்கூஸ் வாசலில் உட்கார்ந்து, எனக்குக் கால் கழுவிவிட்டாள். மாத்திரையில் அவள் காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது. அதே தண்ணீரைக் குடித்த அம்மாவுக்கு ஒன்றுமே ஆகவில்லையே என்று வியந்து, அவள் உடம்பு இரும்பு என்று முடிவு கட்டினேன்.

டம்ளர் தண்ணீரை அவள் ஜன்னல் வழியே கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றியிருந்தாள்.