செலின் மேரி வீட்டு பேஸ் பெட்டி

சிவப்பிரகாசத்துக்குச் சொத்து என்று இருந்தது பகல் தூக்கம் ஒன்றுதான். சேதராப்பட்டில் இரவு ஷிப்ட் முடித்து, வில்லியனூருக்கு சைக்கிள் மிதித்து வந்து, எட்டு மணிக்குப் பாயில் விழுந்தால் மூன்று மணிக்குத்தான் எழுவான். மூன்று நாளாக அதுவும் போயிற்று. நேற்று தகடு வெட்டும் மெஷின் முன்னால் கண் சொக்கி, விரல் தப்பியது தெய்வாதீனம். இன்னொரு தரம் தூங்கி விழுந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

எல்லாம் பக்கத்து வீட்டு செலின் மேரியால் வந்தது என்று கறுவிக்கொண்டிருந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அவள் புருஷன் அருள்சாமி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தான். முன்பொரு லீவில் கேசட் போட்டுக் கேட்கிற பழைய ஸ்டீரியோ ரிசீவர் ஒன்றைச் சுமந்துவந்து வைத்துவிட்டுப் போனவன், இந்த மாதம் ஊருக்கு வந்தவரிடம் அடித்தொனியை மட்டும் அதிர எழுப்பும் ஒரு பேஸ் பெட்டியும் கேசட்டும் கொடுத்தனுப்பியிருந்தான். பெட்டிக்குள்ளேயே தனி ஆம்பிளிஃபயர். ஆனால் அந்தப் பழைய ரிசீவரில் அதை மாட்ட இடம் கிடையாது.

மாட்டிக் கொடுத்தது சாட்சாத் சிவப்பிரகாசமேதான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை. எட்டு வருஷம் மைக்செட்டில் இருந்து, வீராம்பட்டினம் தேருக்கெல்லாம் ஒயர் இழுத்தவனுக்கு இது ஒரு வேலையா? ஞாயிற்றுக்கிழமை கொட்டாவி விட்டுக்கொண்டே, ரிசீவரின் முதுகில் டேப்பில் பதிவெடுக்க வைத்திருக்கும் சாக்கெட்டிலிருந்து ஒயர் எடுத்துச் சொருகி, பெட்டியைச் சுவரோடு தள்ளிவிட்டு வந்தான். மைக்செட்காரர்கள் அப்படித்தான் எடுப்பார்கள்.

திங்கட்கிழமை காலையிலிருந்து சுவர் உறுமியது. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, யாரோ ஓயாமல் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். ஜன்னல் வழியாகச் சொல்லிப் பார்த்தான். குறைக்கிறேன் என்றாள். உறுமல் குறையவில்லை. மத்தியானத்துக்கு மேல் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் அந்தத் தெருவில் வோல்டேஜ் நிற்காது. அதனால் காலையில்தான் ரிசீவர் ஓடும், இவனும் காலையில்தான் தூங்க வேண்டும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று எழுந்து போனான்.

செலின் மேரி தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்திருந்தாள். சத்தக் குமிழ் அடியோடு குறைந்திருந்தது.

"இதுக்கு மேல கொறைக்க முடியலண்ணே," என்றாள். "அவரு பேசி அனுப்புன கேசட்டு. மூணு நாளா இன்னா சொல்றாருன்னே புரியல. உங்க தூக்கம் கெட்டுடுமேன்னு கொறைச்சா, பேச்சு அடங்கிப்போவுது, இந்தப் பொட்டி மட்டும் அடங்க மாட்டேங்குது."

சிவப்பிரகாசம் ரிசீவரின் முதுகை எட்டிப் பார்த்தான். பதிவெடுக்கும் சாக்கெட் ரிசீவரின் குமிழுக்குக் கட்டுப்படாது. மைக்செட்டில் ஒவ்வொரு ஆம்பிளிஃபயர் பக்கத்திலும் அதன் குமிழைத் திருக ஓர் ஆள் நிற்பான், அதனால் அங்கே அது தப்பில்லை. இங்கே யார் நிற்கிறார்கள்? பெட்டியின் பின்னால் தனிக் குமிழ் இருப்பதை அவளுக்குக் காட்டக்கூட இல்லை. தப்பைத் தான் செய்துவிட்டு மூன்று நாளாக அவளை மனசுக்குள் திட்டியதை நினைக்க அவமானமாக இருந்தது.

பின்குமிழைத் திருகிவிட்டே வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. தன் பழைய மைக்செட் சாமான் டப்பாவை எடுத்துவந்து, ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் இடத்திலிருந்து வலுவைத் தணிக்க ரெசிஸ்டர் வைத்துப் பெட்டிக்குப் புதிதாக இணைப்புக் கொடுத்தான். தூக்கக் கலக்கத்தில் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இப்போது ரிசீவரின் குமிழைத் திருகினால் பெட்டியும் கூடவே ஏறி இறங்கியது.

"நல்லா சத்தமா வச்சே கேளும்மா," என்று சொல்லிவிட்டு வந்து படுத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அருள்சாமி தெளிவாகப் பேசினான். இருமல் நின்றதா, ஓடு மாற்றியாயிற்றா என்று கேட்டான். பிறகு சொன்னான்: "செலினு, பகல்ல சத்தமா வைக்காத. பக்கத்து வூட்டு அண்ணன் பாவம், நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து படுத்திருப்பாரு."

உடனே சத்தம் இறங்கியது. பெட்டியும் சேர்ந்தே அடங்கியது.

சிவப்பிரகாசம் எழுந்து சுவரில் இரண்டு தட்டுத் தட்டினான். "ஏத்தி வைம்மா. அவரு பேசட்டும்." கேசட்டின் ஒரு பக்கம் முடிவதற்குள் தூங்கிப்போனான்.