உமாதேவி குடியிருந்த ஒன்பது வீடுகள்

உமாதேவிக்கும் சுருளிராஜனுக்கும் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடங்கள் ஆகின்றன. இத்தனை வருடத்தில் இருவரும் ஒத்துப்போகாத விஷயங்களை எழுதினால் நாற்பது பக்க நோட்டு பற்றாது. அதில் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது, இதுவரை எத்தனை வீட்டில் குடியிருந்தார்கள் என்பது. அவள் ஒன்பது என்பாள். அவர் எட்டு என்பார். யாராவது வந்து கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். கேட்டவர் பதினேழு என்று நினைத்துக்கொண்டு போவார்.

இந்த ஒரு வீட்டு வித்தியாசத்தால் இத்தனை நாளும் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. போன கார்த்திகையில் வந்தது. வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறார்கள் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். கம்பத்தில் அவர்கள் இப்போது இருக்கும் தெருவுக்கு அங்கன்வாடி ஆசிரியை செல்வமணி பொறுப்பு. இருபது வருடத்துக்கு மேலான பழைய பட்டியலில் பேர் எந்தப் பாகத்தில், எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று படிவத்தில் நிரப்ப வேண்டும். பழைய பட்டியல் செல்வமணியின் போனிலேயே இருந்தது. ஆனால் அது தெருவாரியாக இருந்தது. தெரு தெரிந்தால்தான் பேரைத் தேட முடியும்.

"அக்கா, அந்தச் சமயத்துல எந்த ஊர்ல, எந்தத் தெருவுல இருந்தீக? அத மட்டும் சொல்லுங்க போதும், நான் எடுத்துருவேன்" என்றாள் செல்வமணி.

"அத மட்டும்" என்று அவள் சொன்னது அறியாமையால். தெருவுக்குப் புதியவள், பாவம்.

உமாதேவிக்கு இது சும்மா ஒரு படிவம் இல்லை. வாடகைப் பத்திரம் சுருளிராஜன் பேரில். கேஸ் புத்தகம் அவர் பேரில். கரண்டு வீட்டுக்காரர் பேரில். அவர் ஓட்டும் ஜீப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவள் பேரில் இருப்பது ஆதாரும் ஓட்டும்தான். ஆதாரை வைத்து அவளை யாரும் கும்பிட்டதில்லை. ஓட்டுக்காகத்தான் ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது பெரிய மனிதர்கள் வாசல்வரை வந்து, "அம்மா, மறந்துராதீக" என்று கை குவிக்கிறார்கள். எந்த வீட்டில் இருந்தாலும், ஓட்டுப்போடும் நாளில் காலை ஏழு மணிக்கு வரிசையில் முதல் பத்துப் பேருக்குள் நிற்பாள். எட்டாம் வகுப்புவரை படித்தவள், பட்டியலில் தன் பேருக்கு நேரே தேர்தல் அலுவலர் கோடு போடும்வரை நகர மாட்டாள். அவளுடைய அண்ணன் கருத்தக்கண்ணன் இதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். அவர் தன் ஓட்டைப் போடப் போவது சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு.

படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். போகாவிட்டால் பேர் போய்விடும். அன்று திங்கள்கிழமை.

"ஏங்க, நம்ம பய ஆதித்தனுக்கு மூணு வயசு அப்ப. நாம எங்கன இருந்தோம்?" என்று உமாதேவி கேட்டாள்.

"மூணு வயசுன்னா எனக்கெங்க தெரியும்? வருசத்தச் சொல்லு."

"வருசத்தச் சொன்னா மட்டும் தெரிஞ்சிருமாக்கும்?"

"தெரியுமே. அதுதான் கியர்பாக்ஸ் எறக்குன வருசம். அதுக்கு முந்தின வருசம் ரேடியேட்டரு. ரேடியேட்டரு போனப்ப நாம ராயப்பன்பட்டி."

"ரேடியேட்டருக்கு ஓட்டு இருக்கான்னு கேளுங்க, அந்தப் பிள்ளை தேடிக் குடுக்கட்டும்."

வாழ்க்கையைச் சுருளிராஜன் நினைவு வைத்திருக்கும் முறை இதுதான். விடிவதற்குள் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போய், சாயங்காலம் இறக்கிவிடும் ஜீப்பு அவருடையது. பிள்ளை பிறந்த தேதி, மாமனார் இறந்த தேதி எல்லாம் அந்த ஜீப்பில் எது கழன்றது என்பதை ஒட்டித்தான் அவருக்கு நினைவு வரும். உமாதேவிக்கோ பிள்ளைக்கு அம்மை போட்டது, தனக்கு மஞ்சள்காமாலை வந்தது என்று வேறு நாட்காட்டி. இரண்டு நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்க்க ஒரு அரசாங்கம் போதாது. செல்வமணியை அனுப்பியிருக்கிறார்கள்.

வீடு பிடிப்பதற்கும் அவருக்கு ஒரு முறை உண்டு. வாசலோடு நின்றுவிடுவார். இரண்டு கையையும் விரித்து கேட்டின் அகலத்தை அளப்பார். வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்ப்பார். திருப்தியானால் அங்கேயே அட்வான்ஸ். அடுப்படி எங்கே இருக்கிறது என்பதை உமாதேவி குடிபோன பிறகு கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வீடுகளில் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்யாணமானதும் கூடலூரில் போன முதல் வீடு ஒரு மெக்கானிக் பட்டறையின் பின்பக்கம். புதுப்பெண் காலையில் எழுந்து வாசல் தெளித்தால் கோலத்தில் எண்ணெய் மிதக்கும். ராயப்பன்பட்டி வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார். காலண்டரை அரிசி டின்மேல் சாய்த்து வைத்தார்கள். அது நாளுக்கு இரண்டு முறை கவிழ்ந்தது. அந்த வீட்டில் இருந்தவரை அமாவாசை எது, வெள்ளிக்கிழமை எது என்று தெரியாமல் மூன்று பேரும் சுதந்திரமாக வாழ்ந்தார்கள். உத்தமபாளையத்தில் கைருன்னிசா அம்மாள் வீட்டு மாடியில் இருந்ததுதான் உமாதேவி உடம்பில் கொஞ்சம் சதை பிடித்த காலம். பெருநாளுக்கு அடுக்கு நிறையப் பிரியாணி வரும். ஆனால் அங்கே ஜீப்பு மூன்று தெரு தள்ளி நிற்க வேண்டியிருந்தது. அதைப் பிரிந்து சுருளிராஜன் இளைத்துப்போனார். பதினோரு மாதத்தில் கிளம்பிவிட்டார்கள்.

அப்புறம் கம்பம் ரோட்டில் கோம்பை நாய் வீடு. வீட்டுக்காரர் ஊரில் இல்லை. நாயை விட்டுவிட்டுப் போயிருந்தார். செம்மண் நிறத்தில், கறுத்த மூஞ்சியோடு சிறுத்தை மாதிரி இருக்கும். இரண்டே நாளில் அது உமாதேவியை உள்ளே விட்டது. ஆதித்தனை மறுநாளே விட்டது. சுருளிராஜனை அந்த வீட்டில் இருந்த இரண்டு வருடமும் விடவில்லை. தினமும் சாயங்காலம் அவர் கேட்டுக்கு வெளியே நின்று ஹார்ன் அடிப்பார்; உமாதேவி வந்து நாயின் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள்; அவர் பக்கவாட்டில் நடந்து உள்ளே போவார். ஆளைத் தெரிந்துகொள்வதில் மனிதர்கள்தான் மெதுவு என்று அவளுக்கு அந்த வீட்டில் புரிந்தது.

மூன்று நாள் செல்வமணி தேடினாள். ராயப்பன்பட்டி இல்லை. கைருன்னிசா அம்மாள் தெரு இல்லை. நாய் வீட்டுத் தெருவில் மூன்று சுருளிராஜன்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் உமாதேவி மனைவி இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கண் சிவந்து போயிருந்தது.

"வேற எங்கனயும் இருக்கலையாக்கா?"

உமாதேவி திங்கள்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததையே மறுபடியும் சொன்னாள். "அந்தப் பால் காய்ச்சுன வீட்டப் பாருத்தா."

"அது வீடே கெடையாது!" என்றார் சுருளிராஜன். "அங்கன ஒரு ராத்திரி படுத்தோமா? ஒருவேள சோறு பொங்குனோமா? குடியே போகாத வீட்டப் போயி லிஸ்ட்டுல தேடச் சொல்லுறா. இவளோட சேந்து நீயும் போனத் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்க."

ஒன்பதா எட்டா என்ற தகராறு இந்த வீட்டைப் பற்றியதுதான். உத்தமபாளையத்தில் ஒரு சந்து வீடு அது. அண்ணன் கருத்தக்கண்ணன் பார்த்துக் கொடுத்தது. அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. டேப்பைப் பிடித்து அடுப்படி, அறை, பரண், கக்கூஸ்வரை அளந்து, காகிதத்தில் படம் போட்டு எழுதியிருந்தார். அடுப்படியில் இரண்டு ஜன்னல், உள்ளேயே குழாய். நல்ல நேரம் பார்த்ததும் அவரே, சிலிண்டரைத் தோளில் சுமந்ததும் அவரே. கேட்டை மட்டும் அவர் அளக்கவில்லை. மனிதர்கள் உள்ளே போவதற்கு வைத்தது என்று நினைத்துவிட்டார்.

காலை ஆறு பத்துக்குப் பால் பொங்கியது. ஏழு மணிக்குச் சாமான் ஏற்றிய ஜீப்பு வந்தது. கேட்டு நாலு விரல்கடை குறைவு. நாலு விரல்கடைதானே என்று சுருளிராஜன் வண்டியை உள்ளே விட்டார். இரண்டு பக்க மட்கார்டும் ஓலைக்கொட்டான் மாதிரி மடங்கின. சொந்தக்காரர் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அதில் இரண்டு பேர் சிரித்தார்கள். வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்த பாலை நின்றபடியே குடித்துவிட்டு, பீரோ, பாய், சட்டிபானையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வீடு தேடப் போய்விட்டார். பொழுது சாய்வதற்குள் நாய் வீடு அகப்பட்டது.

இடையில் பகல் முழுக்க உமாதேவி அந்த வீட்டில் பால் பானையோடும் பிள்ளையோடும் இருந்தாள். மத்தியானம் ஒரு வாத்தியார் ஓட்டுப் பட்டியலுக்குப் பேர் எழுத வந்தார். அவருக்கும் பால் கொடுத்தாள். அவர் எழுதினார். எழுதியது அச்சில் ஏறியதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. நாய் வீட்டுக்குப் போனபின் வேறு மனு கொடுத்து வேறு அட்டை வாங்கிவிட்டாள்.

"இன்னிக்கு விட்டா நாளைக்கு ஒரு நாள்தான். பாத்துருவோம்ணே" என்று செல்வமணி அந்தச் சந்தின் பக்கத்தைத் திறந்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் போனாள். ஒரு பக்கம் போயிற்று. இரண்டாவது பக்கம் போயிற்று. மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது.

"கதவு எண் பதினாலு பி. உமாதேவி. கணவர் பேரு சுருளிராஜன். பெண். வயசு இருபத்தஞ்சு. நீங்கதானக்கா?"

உமாதேவி போனை வாங்கி இரண்டு முறை படித்தாள். எழுத்துப் பிழைகூட இல்லை. இருபத்துமூன்று வருடம் அவள் வேறு வேறு வீட்டில் நாயைப் பிடித்துக்கொண்டும் இல்லாத அடுப்படியைத் தேடிக்கொண்டும் இருந்தபோதெல்லாம், அந்த இரண்டு ஜன்னல் வீட்டில் இருபத்தைந்து வயசு உமாதேவி ஒருத்தி தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்திருக்கிறாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றுதான் சொன்னாள். கார்த்திகை மாதம்.

சுருளிராஜன் எட்டிப் பார்த்தார். "அதுக்கு அடுத்து நானா?"

"அடுத்து பதினஞ்சாம் நம்பர் வீடுண்ணே. ரஃபியா பீவி."

"அதெப்படி? மேல பாரு."

"மேல பதிமூணாம் நம்பர். அங்கனயும் ஒங்க பேரு இல்ல."

"அதெப்படிங்கிறேன்! நானும் அந்த வீட்டுலதான குடியிருந்தேன்?"



"எப்ப?" என்றாள் உமாதேவி.

"ஏ, பால் குடிச்சேன்ல? மச்சானுக்குப் போனப் போடு, சொல்வாரு."

"வாத்தியார் கேட்டாரு, வீட்டுக்காரரு எங்கன்னு. ஜீப்போட போயிருக்காக சார், இங்கன இருப்பாகளா மாட்டாகளான்னு தெரியலன்னேன். அப்ப அவரு வரட்டும்மா, பெறகு சேத்துக்கலாம்னாரு. நீங்க வரல."

"ஒரு வார்த்த சொல்லி வைக்க வேண்டியதுதான? புருசன் பேரக் கூடவா விட்டுருவா ஒருத்தி!"

"விடலையே. எம் பேருக்குப் பக்கத்துல இருக்குல்ல."

"அக்கா பேர வச்சு ஒங்களுக்கு எழுத முடியாதுண்ணே" என்றாள் செல்வமணி. "ஒங்க பேரு இல்லாட்டி, ஒங்க அம்மா அப்பா பேரு பழைய லிஸ்ட்டுல இருந்தா அதப் போடலாம். அம்மா எந்த ஊரு?"

கூடலூர் என்றார். பேச்சியம்மாள் என்றார். அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். கூடலூர்ப் பட்டியலில் பேச்சியம்மாள் இரண்டே நிமிடத்தில் கிடைத்துவிட்டார். அவர் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. ஆனாலும் ஐம்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த மனுஷி, தேடுகிறவர்களுக்குச் சிரமம் வைக்கவில்லை.

"ஒங்க ஆத்தா புண்ணியத்துல பேரு தப்பிச்சிருச்சு" என்றாள் உமாதேவி. "அம்பத்தஞ்சு வயசுல மறுபடி அம்மா பிள்ளையா ஆகியாச்சு. கையெழுத்துப் போடுங்க."

அவர் போட்டார். எங்கே போட வேண்டும் என்று செல்வமணி விரல் வைத்துக் காட்டிய இடத்திலேயே போட்டார். உமாதேவி தன் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்து, பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் போனோடு ஒப்பிட்டுப் பார்த்து, முழுப்பேரையும் எழுதினாள். செல்வமணி ஆளுக்கு ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

சுருளிராஜன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தன் பிரதியை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"அந்த வீடு அம்புட்டு நல்லாவா இருந்துச்சு?"

உமாதேவி தன் பிரதியைத் துணிகளுக்கு அடியில் வைத்து பீரோவைப் பூட்டினாள்.

"உள்ள வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.