தப்பெல்லாம் கார்டு மேலதான்

ஆபீஸ்ல அவருக்குப் பேரு பாக்கெட்டு. டீ குடிச்சீங்களான்னு கேட்டாக்கூட, "இருங்க, பாக்கெட் வருதா போகுதான்னு பாத்துட்டு வரேன்"ம்பார். அதான் அந்தப் பேரு. வயசு நாப்பத்தெட்டு. தலையில முடிய விட மூளை ஜாஸ்தின்னு அவரே சொல்லிக்குவார், வேற யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

வேலை, நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதுறதும், அது படுத்தா எழுப்பி உட்கார வெக்கிறதும். கார்டுன்னா கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற அட்டை, கேபிள் சொருகுவாங்களே அது. அதை வேலை வாங்குற புரோகிராமுக்குத்தான் டிரைவர்னு பேரு.

மத்தவங்கல்லாம் அந்த டிரைவரைக் கெர்னல்ங்கிற உள்ளறையில வெச்சிருப்பாங்க. கேபிள் வழியா சேதி துண்டு துண்டா வரும், அந்தத் துண்டுக்குத்தான் பாக்கெட்னு பேரு. அது வந்தா கார்டு மணி அடிக்கும், உள்ளறைக்காரன் எந்திரிச்சு வந்து வாங்கிக்குவான். நம்மாளுக்கு அந்த அடக்கமெல்லாம் ஆகாது. உள்ளறையைச் சுத்தமா ஓரங்கட்டிட்டு, வெளிய நிக்கிற ஒரு சாதாரண புரோகிராமை வெச்சே கார்டோட நேரா பேசுவார். மணியும் கிடையாது, கிணியும் கிடையாது. வந்துச்சா வந்துச்சான்னு நொடிக்கு லட்சம் தரம் அது எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கும். கம்ப்யூட்டரோட மூளையான பிராசசர் ஒண்ணுக்கு முழுநேரப் பொழப்பே இந்த எட்டிப்பாக்குறதுதான். ஆனா வேகம் பிச்சுக்கும், அதைச் சும்மா சொல்லக் கூடாது.

ஒரே ஒரு குறை. ரெண்டு வருஷமா, வாரத்துக்கு ஒரு தரம், கார்டு சிலையாட்டம் நின்னுடும். அதை வாங்கி மாட்டியிருக்கற டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காரங்க அலறுவாங்க. பாக்கெட்டு போவார், உள்ள நடக்கறதையெல்லாம் வரி வரியா எழுதித் தள்ளற லாகைப் போட்டு விடுவார், ஒரு நாள் பூரா உட்கார்ந்து பாப்பார். கார்டு ஜம்முனு ஓடும். "சூடாயிருந்திருக்கு. கார்டே மட்டம்"னு தீர்ப்பு சொல்லிட்டு, லாகை எடுத்துட்டு வந்துடுவார். அடுத்த வாரம் மறுபடியும் அலறல்.

சொல்லிச் சொல்லி அது ஆபீஸ் மொத்தத்துக்கும் வேதவாக்காயிடுச்சு. மேனேஜரம்மா எரநூறு கார்டையும் திருப்பி அனுப்பறதா லெட்டரே அடிச்சு வெச்சுட்டாங்க. கார்டு செய்யறது சின்னக் கம்பெனி; இந்த லெட்டர் போனா கடையைச் சாத்த வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கையெழுத்து. அதுக்கு முன்னாடி ஒரு தரம் பாத்துக்கறோம்னு கெஞ்சி, அந்தக் கம்பெனியில இருந்து ஒரு இன்ஜினியரம்மா வந்திருந்தாங்க.

அன்னிக்குக் காலையில ஷூவுக்குக் கயிறு கட்டிக்கிட்டே வீட்டுக்காரம்மாகிட்ட, "இன்னியோட அந்தக் கார்டுக்காரன் கதை முடிஞ்சுது"ன்னார்.

"அப்படியா? வாஷிங் மெஷினையும் இப்படித்தான் மட்டம்னு மூணு நாள் திட்டினீங்க. கடைசியில குழாயையே நீங்க திறக்கல."

"அது வேற, இது வேற."

"ஆமாமா, அது வீட்டுக் குழாய்."

ஒம்பது மணிக்கு லேப்ல இன்ஜினியரம்மா உட்கார்ந்திருந்தாங்க. பாக்கெட்டு ரெண்டு வருஷத்துக் குத்தப்பத்திரிகையையும் மூச்சு விடாம வாசிச்சார். எல்லாத்தையும் கேட்டுட்டு அந்தம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"சார், லாக் போட்டா மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?"

"அது... உங்க கார்டுக்கு என்னைக் கண்டா பயம்."

அந்தம்மா சிரிக்கல. காபி எடுத்துட்டு வரேன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. சிரிச்சிருந்தா இவர் தப்பிச்சிருப்பார். இப்ப அந்தக் கேள்வி மட்டும் லேப்ல இவரோட தனியா உட்கார்ந்திருந்துச்சு.

லாக் எழுதினா டிரைவர் கொஞ்சம் மெதுவாகும். மெதுவானா நிக்கல. அப்படின்னா எங்கயோ அவசரம். பாக்கெட்டு தன் டிரைவரைத் திறந்தார். அவசரம் எங்கன்னு அவருக்குத்தானே தெரியும்!

விஷயம் இவ்வளவுதான். கார்டுக்கும் டிரைவருக்கும் நடுவுல வட்டமா அறுநூறு சொச்சம் அடுக்குப் பெட்டி இருக்குன்னு வெச்சுக்கங்க. டிரைவர் காலிப் பெட்டியை வெக்கணும், அப்புறம் 'இத்தனாவது வரைக்கும் காலி'ன்னு கார்டுக்குச் சொல்லணும். இப்ப வர்ற பிராசசருங்களுக்குப் பொறுமை கிடையாது, வேகத்துக்காக முன்னாடி சொன்னதைப் பின்னாடியும் பின்னாடி சொன்னதை முன்னாடியும் செஞ்சு வெக்கும். அதனால ரெண்டுக்கும் நடுவுல 'முதல் வேலை முடியற வரைக்கும் நில்லு'ன்னு ஒரு வரி இருக்கணும். இல்லாட்டி பெட்டி வெக்கறதுக்குள்ள சேதி போயிடும், கார்டு பழைய பெட்டியில கையை விட்டு முழிக்கும்.

அந்த வரி அங்க இல்ல.

யார் எந்த வரியை எப்ப தொட்டாங்கன்னு கம்ப்யூட்டர் ஜாதகமே வெச்சிருக்கும். தட்டிப் பாத்தார். ரெண்டு வருஷம் முன்னாடி, 'தேவையில்லாத வரி நீக்கம், வேகம் மூணு சதவீதம் கூடுதல்'னு குறிப்பு. பக்கத்துல தன் பேரு. அந்த மூணு சதவீதத்துக்குத்தான் மாலை போட்டு ஷீல்டு குடுத்தாங்க.

வரியைத் திரும்பப் போட்டார். லாகை எடுத்தார். ஒரு வாரத்து பாக்கெட்டை ஒரு மணி நேரத்துல திணிச்சுப் பாத்தார். கார்டு ஒரு தரம்கூட நிக்காம ஓடுச்சு.

மணி பத்தே முக்கால். இங்கதான் மனுஷனுக்குள்ள குறளி பேச ஆரம்பிச்சுது. 'கார்டு மட்டம்தான், அதுக்கு ஒட்டுப்போட நானே ஒரு வரி சேர்த்தேன்'னு குறிப்பு எழுதினா யாருக்குத் தெரியப் போகுது? இன்னொரு ஷீல்டுகூடக் கிடைக்கும். அடிச்சும் பாத்தார், எழுத்து கூடப் பிசகாம வந்துச்சு. அப்போ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்ஜினியரம்மா யாரோடயோ போன்ல, "பதினோரு மணிக்கு மேல சொல்றேன்... தெரியல... எனக்கு எதுவும் தெரியல"ன்னு சுவத்தைப் பாத்துப் பேசிக்கிட்டிருந்தாங்க. பாக்கெட்டு அடிச்சதை அழிச்சார். மறுபடி அடிச்சார். மறுபடி அழிச்சார்.

மீட்டிங்ல மேனேஜரம்மா பேனாவைத் திறந்தாச்சு.

"மேடம், லெட்டர் வேண்டாம்."

"ஏன் சார், கார்டு திருந்திடுச்சா?"

"கார்டு ஒழுங்காத்தான் இருந்துச்சு. வரி என்னுது. நான்தான் எடுத்தேன்."

மேனேஜரம்மா ரொம்ப யோசிச்சு, ஆழமான கேள்வி ஒண்ணு கேட்டாங்க: "அப்போ விளம்பரத்துல போட்ட அந்த மூணு சதவீதம்?"

"போச்சு மேடம்."

"அது போகாம திருத்த முடியாதா?"

"முடியும். அப்படித் திருத்தித்தான் ரெண்டு வருஷமா நிக்குது."

இன்ஜினியரம்மா ரெண்டு கையாலயும் மூஞ்சைத் தேய்ச்சுக்கிட்டாங்க. திட்டப் போறாங்கன்னு பாக்கெட்டு தயாரானார்.

"சார், நீங்க அந்த மூணு சதவீதத்தைப் பத்தி நெட்ல பெருசா எழுதினீங்களே, அதைப் படிச்சுட்டு எங்காளுங்களும், கார்டோட நாங்க அனுப்பற டிரைவர்ல அதே வரியை எடுத்துட்டாங்க. இன்னும் நாலு இடத்துல கார்டு நிக்குது. நாங்க அங்கல்லாம் பிராசசர் மட்டம்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்."

சொல்லிட்டே போனை எடுத்து நம்பரைப் போட்டு, அவர் கையில திணிச்சாங்க. "எங்க முதலாளி. நான் சொன்னா நம்ப மாட்டார். நீங்களே சொல்லுங்க."

"ஹலோ," அந்தப் பக்கம் ஒரு கரகரக் குரல்.

பாக்கெட்டு போனைக் காதுல வெச்சார். "வணக்கம் சார்... கார்டு நல்ல கார்டுங்க. தப்பு என்னுது."

"என்னது? சத்தமா சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எல்லாரும் இருக்காங்க."

நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சு நின்னு, இந்தத் தரம் சத்தமாவே சொன்னார்.