குணாளன் பிள்ளைகளின் மேற்கோள்கள்

என் அக்கா கிருஷ்ணகுமாரிக்கு மலேசியாவில், ஸ்கூடாய் நகரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. ஆசிரியர்கள் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று சரிபார்த்து மேலிடத்துக்கு அனுப்புவாள். எல்லாப் பல்கலைக்கழகங்களின் கணக்கும் சேர்ந்தால் அதுதான் நாட்டின் ஆய்வுக் கணக்கு. சிறு வயதில் எங்கள் ஊரான மூவாரில் கேரம் ஆடும்போதும் எதிராளியின் காய்களைத்தான் முதலில் எண்ணுவாள்.

நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பிய வாரம் அது. அவளை அழைத்துவரக் காரில் போனேன். சாலை நெரிசலாவதற்குள் கிளம்பிவிடலாம் என்றிருந்தாள். முடியவில்லை; அவள் அறையிலேயே உட்கார்ந்து காத்திருந்தேன்.

ஐந்து மணிக்குள் கணக்கு போக வேண்டும். விரிவுரையாளர் வசந்தினியின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அவள் பெயரில் ஒன்றிரண்டு கட்டுரைகளே இருந்தன. மற்றவை அதே துறையில் இருக்கும் அவள் அண்ணன் வசந்தனின் தரவுத்தளப் பக்கத்தில் சேர்ந்திருந்தன.

மலேசியாவில் நம்மவர்களுக்கே வாய்க்கிற தவறு. நம் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். நடுவில் மகனுக்கு ஏ/எல், மகளுக்கு ஏ/பி. வெளிநாட்டு இதழ்கள் குழம்புகின்றன என்று இருவருமே அதை எடுத்துவிட்டார்கள். தரவுத்தளம் அப்பா குணாளனின் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, இருவரையும் ‘வி. குணாளன்’ என்ற ஒரே ஆளாக்கிவிட்டது.

அக்கா கூப்பிட்டனுப்பியதும் வசந்தன் வந்தார். அது அவருடைய பக்கம். அவர் பிரித்துக் கொடுத்தால்தான் அன்றைக்குள் ஆகும்.

“குமாரிக்கா, இந்த வருஷம் எனக்குப் பேராசிரியர் பதவி வருது. அடுத்த வருஷம் பிரிச்சுக்கலாம் லா. நாட்டுக் கணக்கு ஒண்ணும் குறையாதே.”

“நாட்டுக்குக் குறையாது. உங்க தங்கச்சிக்கு வேலை போயிரும்.”

அக்கா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். வசந்தன் ஒவ்வொரு கட்டுரையாகத் தங்கையின் பக்கத்துக்கு மாற்றினார். கடைசியில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். பண்டார் தெங்காராவில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுநீரைப் பற்றி வசந்தினி எழுதியது. மேற்கோள்களில் பாதிக்கு மேல் அதற்கு வந்தவை.

“அதையும்.”

“இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்கா. கேட்டா அவளே குடுத்துருவா.”

“அப்ப போன் போட்டுக் கேளுங்க.”

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் கைப்பேசியை எடுத்தார். அந்தச் சின்ன அறையில் வசந்தினியின் குரல் எங்களுக்கும் கேட்டது.

“அண்ணே! சாப்டீங்களா? நான் ரூமைக் காலி பண்ணிட்டு இருக்கேன். எப்படியும் அனுப்பிருவாங்க. புத்தகத்தைக் கொஞ்சம் உங்க ரூம்ல வைக்கலாமா?”

வசந்தன் திரையில் மிச்சமிருந்த அந்த ஒரு கட்டுரையைப் பார்த்தார்.

“அண்ணே? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். எதையும் கட்டாதே. அப்புறம் சொல்றேன்.”

கைப்பேசியை வைத்துவிட்டு அந்தக் கடைசிக் கட்டுரையையும் மாற்றினார். அக்கா உடனே கணக்கை அனுப்பினாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று பதில் வரும்வரை மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இப்ப என்னோடது எவ்வளவுக்கா?” என்று வசந்தன் கேட்டார்.

அக்கா சொன்னாள். பதவிக்கு அது போதாது என்று எனக்கே தெரிந்தது. அவர் தலையாட்டிவிட்டு வாசல்வரை போய், “அவகிட்ட நான் போன் பண்ணதுக்குக் காரணம் சொல்லாதீங்க” என்றார்.

“நான் ஏன் சொல்லப் போறேன்? மேலே அவ ரூமுக்குப் போய், கட்டின பெட்டியைப் பிரிச்சுக் குடுங்க” என்றாள் அக்கா.