கோட்டுக்கு வெளியே ஏழு பேர்

வெள்ளைத்துரை இருபத்தாறு வருடமாகக் கபடி கோச். அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே பட்டாசுக் கம்பெனி போர்மேன். சாயங்காலம் ஏழாயிரம்பண்ணை மைதானத்தில் கம்பெனிப் பெண்கள் டீமைப் பார்த்து, என்ன ஆனாலும் கோட்டைத் தாண்டாதே என்று கத்துவார். காலையில் அதே பெண்களுக்குக் கம்பெனியில் அவர் சொல்லிக்கொடுப்பது வேறு: டப்பென்று எது கேட்டாலும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடு, திரும்பிப் பார்க்காதே. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவரிடம் ஆடிய நாலு பேர் போலீஸ் ஆனார்கள், ஒருவர் கண்டக்டர். இரண்டு கம்பெனிகள் டீம் வைத்துப் பார்த்துக் கலைத்துவிட்டன. கோப்பை மட்டும் வரவில்லை. மூன்றாவது முதலாளி லட்சுமிகாந்தம், தீபாவளி சீசன் முடிந்த கையோடு சொல்லிவிட்டார்:

“இந்தத் தடவை கப்பு இல்லன்னா டீமைக் கலைச்சிருவோம்யா. ஜெர்சி எடுத்துக் குடுத்தே ஓய்ஞ்சு போனேன்.”

தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஊரில் பைனல். இரண்டு நிமிடம் மிச்சம், வெள்ளைத்துரையின் டீம் ஆறு புள்ளி முன்னிலை. எதிரணிப் பெண் பாடி வந்தாள். உள்ளூர் ரசிகர் ஒருவர் உற்சாகம் தாங்காமல் ஓர் அணுகுண்டைக் கொளுத்திப் போட்டார்.

ஏழு பேரும் கோட்டுக்கு வெளியே. வெளியே என்றால் பந்தலையும் தாண்டி. பாடி வந்தவள் யாரைத் தொடுவதென்று தெரியாமல் ‘கபடி கபடி’ என்று தனியே நின்றாள். முதலாளி ஒற்றைச் செருப்போடு வேன் அருகே இருந்தார். வெள்ளைத்துரை வேனுக்கும் அந்தப் பக்கம்.

ஏழு பேருக்கு ஏழு, ஆல் அவுட்டுக்கு இரண்டு. எல்லாம் எதிரணிக்கு. ஆனால் நடுவர் இரக்கமுள்ளவர்.

“கோச், வெடி போட்டது தப்புதான். இதை ரத்து பண்ணிட்டு மறுபடி ஆடுவோம். ஆனா இந்த ஊர்க்காரங்க இன்னும் போடத்தான் செய்வாங்க. அடுத்த வெடிக்கு ஓடுனா அவுட்டுதான். நிக்கச் சொல்லிருங்க.”

“சொல்லுய்யா!” என்றார் முதலாளி.

கேப்டன் பானுப்பிரியா மூச்சு வாங்கச் சொன்னாள்: “நின்னுருவோம் மாஸ்டர். சத்தம் என்ன பண்ணிரும்?”

அவள் நின்றுவிடுவாள். அதுதான் அவருக்குப் பயம். இங்கே நிற்கப் பழகிய கால் திங்கட்கிழமை வெடிமருந்து அறையில் ஒரு நொடி யோசிக்கும்.

“நிக்கக் கூடாதுத்தா. நீங்க ஓடுனதுதான் சரி.” நடுவரிடம் திரும்பினார். “புள்ளியை அவங்களுக்கே போட்டுருங்க சார்.”

கடைசியில் இரண்டு புள்ளியில் தோற்றார்கள்.

வேன் எட்டயபுரம் தாண்டியது. பிறகு முதலாளி தொண்டையைச் செருமினார்.

“வெள்ளைத்துரை, ரெண்டே செகண்டுல ஏழு பேரும் வெளிய வந்துட்டாளுகளேய்யா.”

“ஆமா மொதலாளி. நீங்க அதுக்கு முன்னாடியே வந்துட்டீக.”

“சரி சரி. அடுத்த வருசம் வெடி போடாத ஊராப் பாத்துப் பேர் குடு.”

“அப்படி ஊரு பெருகிப்போச்சுன்னா நம்ம கம்பெனி என்னத்துக்கு ஆகும் மொதலாளி?” என்றாள் பானுப்பிரியா பின்சீட்டிலிருந்து.

வேன் முழுக்கச் சிரிப்பு. வெள்ளைத்துரைக்கு ‘அடுத்த வருசம்’ மட்டும்தான் காதில் விழுந்தது.