ஈரக்கையார் போட்ட வோட்கா சவர்

கிளாஸ் கழுவிக் கழுவி விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப்போனதால், மதுக்கூடத்தில் அவரை எல்லாரும் ஈரக்கையார் என்றுதான் கூப்பிட்டார்கள். மனிதர் கோபித்துக்கொண்டதே இல்லை. ஆசை மட்டும் மது கலந்து கொடுக்கும் கவுன்டர் மேல். கழுவும் தொட்டியிலிருந்து அது கைக்கெட்டும் தூரம்தான், ஆனால் தலை நரைக்கத் தொடங்கியும் எட்டவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவி எண்ணெய் தடவிவிட்டால்தான் விரல் எரிச்சல் அடங்கும்.

கவுன்டரில் நின்றவர் வேலையை விட்டுப் போனார். முதலாளியம்மா இவரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வோட்கா சவர் போட்டுக் காட்டுங்க. நல்லாருந்தா கவுன்டர் உங்களுக்கு. இல்லாட்டி வெளியாளத்தான் பாக்கணும்."

அன்றே வீட்டில் ஒத்திகை தொடங்கியது. தையல் வேலை பார்க்கும் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "எத வேணா கலக்குங்க. பாட்டில் மட்டும் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

ஆகவே வோட்காவுக்குப் பதில் ஜக்குத் தண்ணீர். அதோடு எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, முட்டை வெள்ளைக்கரு. முதலில் ஐஸ் இல்லாமல் நுரைக்க ஒரு குலுக்கல், பிறகு ஐஸ் போட்டுக் கை விறைக்க ஒரு குலுக்கல். தையல் மெஷின் சத்தமே எடுபடவில்லை. போட்டதையெல்லாம் குடித்துத் தீர்த்த மனைவி, புளிப்புத் தூக்கல், இனிப்பு கம்மி என்று தீர்ப்பும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை, கண்ணை மூடிக்கொண்டு செய்யுமளவுக்குக் கை பழகியிருந்தது. வினையே அங்கேதான். முதலாளியம்மா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். ஈரக்கையாரின் பார்வை வோட்கா பாட்டில் மேல் விழுந்தது. மூடியே திறக்கவில்லை. பக்கத்தில் ஜக்கில் தண்ணீர் குறைந்திருந்தது.

"மேடம், அதுல வோட்காவே இல்ல. வீட்டுல தண்ணி ஊத்தித்தான் பழகுனேன். கை அதையே எடுத்துருச்சு."

"மொத வாய்லயே தெரிஞ்சுது. ஆனா இந்த நுரை இங்க யாருக்கும் வந்ததில்ல, அதான் ரெண்டாவது வாய். இப்ப மூடியத் திறந்து ஒண்ணு போடுங்க."

போட்டார். அன்று மாலையே கவுன்டருக்குப் பின்னால் நின்றார்.

கதையைக் கேட்டு மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "அத்தனையும் குடிச்சுப் பாத்தது நானு. பேரு மட்டும் உங்களுக்கா?" என்றபடி வழக்கம்போல் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அவர் கையைப் பிடித்தாள்.

கை காய்ந்திருந்தது. எலுமிச்சை வாசம் அடித்தது.

"இன்னிக்கு எண்ணெய் வேணாம்," என்றாள். கையை மட்டும் விடவில்லை.